அமாவாசை பார்த்துப் படகேறுங்கள்

சுற்றுலாக் கப்பல் என்றதும் கிள்ளான் துறைமுகத்தில் வந்து நிற்கும் பல மாடிக் கப்பல்தான் நினைவுக்கு வரும். நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, நாள் முழுக்கச் சாப்பாடு. இதற்கு நேர் எதிரான இன்னொரு வகைக் கப்பலும் உண்டு. இருநூறு பேருக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு, பெரிய கப்பல் நுழைய முடியாத கழிமுகங்களுக்கும் தீவு இடுக்குகளுக்கும் போகும் சிறு கப்பல். அதில் கச்சேரி கிடையாது. மாலையில் ஓர் இயற்கையியலாளர் பறவைகளைப் பற்றிப் பேசுவார். விடிந்ததும் காற்றடைத்த ரப்பர் படகுகளில் ஏற்றிக் கரையில் இறக்குவார்கள். ‘எக்ஸ்பெடிஷன் குரூஸ்’ என்று விற்கப்படும் இந்தப் பயணங்களுக்கு ஒருவருக்கே பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகும்.

இந்த வகைப் பயணத்தைத் தொடங்கிவைத்தவர் என்று லார்ஸ் எரிக் லிண்ட்பிளாடைச் சொல்வார்கள். 1966இல் அறிவியலாளர் அல்லாத சாதாரணப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்குக் கூட்டிப்போனார். அதற்கென்றே ஒரு சிறு கப்பலைக் கட்டி 1969இல் கடலில் இறக்கினார். இன்று அண்டார்க்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கவே கூடாது. சிறு கப்பலுக்கு மவுசு கூடியதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

நம் பக்கத்துக் கடலில் இது இன்னும் பழைய கதை. இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சுற்றியபோது பல இடங்களுக்குப் போனது உள்ளூர்க்காரர்களின் பாய்மரப் படகுகளில். மகாசாரிலிருந்து ஆரு தீவுகளுக்கு ஒரு பிராவ் படகில் போனார். காற்று திரும்பும் பருவம் வந்தால்தான் அந்தப் படகு போகும், வரும். பயணியின் வசதிக்கு அங்கே இடமில்லை.

சிறு கப்பல் பயணத்தின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன். போகும் நேரத்தைத் தண்ணீரும் காற்றும் முடிவு செய்யும். நாம் ஒத்துப்போக வேண்டும். இதை அனுபவிக்க அண்டார்க்டிகா போக வேண்டியதில்லை. சுங்கை பூலோவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. வடமேற்கே ஈஜோக் வழியாகப் போனால் கோல சிலாங்கூர். தெற்கே போக கொமுட்டர் ரயில்: தஞ்சோங் மாலிமிலிருந்து வரும் தடம் சுங்கை பூலோவைத் தொட்டு, பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல், கிள்ளான் எல்லாம் தாண்டி கடலோரத்தில் போர்ட் கிள்ளானில் முடிகிறது. இரண்டு பக்கமும் சிறு படகுகள் காத்திருக்கின்றன. ஆனால் ‘என்றைக்குப் போவது’ என்ற கேள்விக்கு விடை, விடுமுறைப் பட்டியலில் இல்லை; ஓத அட்டவணையில் இருக்கிறது.

ஓதம் என்பது கடல் ஏறுவதும் வற்றுவதும். சென்னைக் கடற்கரையில் நிற்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது; அங்கே ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, தெற்கே போகப் போகக் குறுகுவது. உள்ளே தள்ளப்படும் தண்ணீருக்குப் பரவ இடமில்லாததால் உயர்கிறது. கிள்ளான் கரையில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். கரை சரிவே இல்லாத சேறு என்பதால், நான்கு மீட்டர் வற்றினால் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிவிடும். காலையில் படகு நின்ற இடத்தில் மதியம் நண்டு நடக்கும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றல். சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும். இடைப்பட்ட அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவு. பெரிய ஓதம் ஓர் இடத்தில் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். கோல சிலாங்கூர் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் பெரும்பாலும் காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் நன்றாக வற்றிக் கிடக்கும். அந்தி வேளையை ஒட்டித் ததும்பி நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் ஒரே நாளில் பார்க்கக்கூடியது இரண்டு மடங்காகும்.

முதலில் மின்மினி. கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு துடுப்பால் தள்ளும் சம்பானில் நான்கு பேராக ஏற்றிப் போவார்கள். மறுகரையில், இன்னும் கொஞ்சம் கீழே, புக்கிட் பெலிம்பிங்கில் மின்சார மோட்டார் படகு. எனக்குத் துடுப்புப் படகுதான் பிடிக்கும். மோட்டார் எவ்வளவு சன்னமாக ஓடினாலும் ஆறு பேசுவதைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

அங்கே பார்ப்பது தோட்டத்தில் ஒன்றிரண்டாகப் பறக்கும் மின்மினி அல்ல. டெரோப்டிக்ஸ் டெனர் என்ற சிறு வண்டு, ஏறக்குறைய அரிசி அளவு. ஆண் வண்டுகள் ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் கண்சிமிட்டும், நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. பெண்ணும் ஒளிரும், ஆனால் தாளத்தில் சேராது. அடிவயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி வருகிறது. சூடு ஏறக்குறைய இல்லை.

யார் தாளம் கொடுக்கிறார்கள்? யாருமில்லை. 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி தாய்லாந்தில் இதே குடும்பத்து மின்மினிகளைப் பிடித்து வந்து, பாங்காக் ஹோட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டின. பிறகு சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக ஒத்துப்போக ஆரம்பித்தன. ஒவ்வொரு வண்டுக்குள்ளும் ஒரு தாளம் இருக்கிறது. பக்கத்து வண்டின் ஒளியைப் பார்த்து அது தன் அடுத்த சிமிட்டலைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்கிறது. அது மரம் முழுக்கப் பரவி ஒரே துடிப்பாகிவிடுகிறது. இருட்டில் தன் இனத்து ஆண்கள் எந்த மரத்தில் இருக்கிறார்கள் என்று பெண் வண்டுக்குத் தூரத்திலிருந்தே தெரிய இது உதவுகிறது என்பது ஒரு விளக்கம்.

அந்த மரம் பெரும்பாலும் பெரெம்பாங். உப்பும் நன்னீரும் கலக்கும் ஆற்றோரத்தில் மட்டும் வளர்வது. வண்டு ஏன் அங்கேயே இருக்கிறது என்பதற்குக் காரணம் மரத்துக்குக் கீழே இருக்கிறது. மின்மினியின் புழு ஆற்றோரச் சேற்றில், ரும்பியா, நீப்பா பனைகளின் அடியில் வாழ்கிறது. அங்குள்ள மிகச் சிறிய நத்தைகளைத் தின்று வளர்கிறது. நத்தைக்கு ஈரச் சேறு வேண்டும். ஏற்றத்தின்போது வந்துபோகும் உவர்நீர் அந்தச் சேற்றை ஈரமாகவே வைத்திருக்கிறது. உப்பு கூடினாலும் ஆகாது, ஆற்றில் நன்னீர் குறைந்தாலும் ஆகாது. கரையிலுள்ள பனைகளை வெட்டிச் செம்பனை நட்டால் மரம் மிஞ்சலாம், புழு மிஞ்சாது.

நம் வீட்டுக் குழாயும் இந்தக் கதையில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். கோல குபு பாரு பக்கத்தில் அணை கட்டப்பட்டபோது, கீழே வரும் நன்னீர் குறைந்தால் கடல் உப்பு மேலேறி மின்மினிக்கு ஆபத்தாகும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தது இதனால்தான். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் இந்த ஆற்று மின்மினிகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது.

நிலா வெளிச்சம் மின்மினியைத் துரத்துவதில்லை. நம் கண்ணுக்குத்தான் அதை மங்கலாக்குகிறது. ஆகவே அமாவாசையை ஒட்டிய, மழையில்லாத இரவு. கைப்பேசி விளக்கு, கேமரா ஃபிளாஷ் வேண்டாம். ஃபிளாஷ் அடித்தால் அந்தப் பகுதித் தாளம் குலையும், படத்திலும் வெறும் இலைதான் விழும். கொசு மருந்தைப் படகில் ஏறிய பிறகு அடிக்காதீர்கள். வண்டும் பூச்சிதானே.

மின்மினிக்கு முன் பகலில் என்ன செய்வது? கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி என்ற சிறு குன்று இருக்கிறது. சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த இடம்; 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்பர்க் என்று பெயர் வைத்தார்கள், அடுத்த ஆண்டே சுல்தான் மீட்டுக்கொண்டார். இன்று குன்றை ஆள்வது லூத்தோங் குரங்குகள். உடம்பெல்லாம் சாம்பல் படிந்த கறுப்பு, குட்டி மட்டும் பளீர் ஆரஞ்சு. மூன்று மாதம் போல அந்த நிறம் இருக்கும்; பிறகு கறுக்கும். இலை தின்பதற்கென்றே பல அறைகள் கொண்ட இரைப்பை இவற்றுக்கு. குன்றடியில் வாங்கிப்போகும் பயற்றங்காயைச் சாந்தமாகக் கையில் வாங்கிக்கொள்ளும். பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கூட்டம் பசிக்குக் காட்டை விட்டுவிட்டு சாலையோரம் காத்திருக்கப் பழகிவிட்டது. நான் கொடுப்பதில்லை.

குன்றின் கீழே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987இல் தொடங்கியது, மலேசிய இயற்கைக் கழகம் நடத்தியது. இங்கேதான் ஓத அட்டவணை மறுபடியும் தேவைப்படுகிறது. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் கிழக்கு ஆசிய-ஆஸ்திரலேசியப் பறவைப் பாதையில் இந்தக் கரை ஒரு தங்குமடம். அந்தப் பாதையில் ஆண்டுதோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பறக்கின்றன. 2022இல் செயற்கைக்கோள் கருவி கட்டிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இறங்காமலே கடந்தது. அவ்வளவு தூரம் பறக்காதவை வழியில் சேற்றில் இறங்கி இரை தின்றுதான் போயாக வேண்டும்.

கடல் வற்றியிருக்கும்போது அவை சேற்றில் கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடக்கும், தொலைநோக்கியில்கூடப் புள்ளிதான். ஏற்றம் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் தண்ணீர் அவற்றைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். உச்ச ஏற்றத்தில் அத்தனையும் காய்ந்த இடம் தேடி ஒன்றுகூடும். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகள்கூட அப்படி ஒரு புகலிடமாக இருந்து, நார்ட்மன் பச்சைக்காலி போன்ற உலகிலேயே அரிய பறவைகளுக்கு இடம் கொடுத்ததைப் பறவை ஆர்வலர்கள் நன்கறிவார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை, ஏற்றம் வரும் பிற்பகலில் போங்கள்.

மாலையில் கழிமுகத்தில் ‘கழுகுக்கு இரை’ என்று ஒரு படகுப் பயணம் நடக்கிறது. கோழித்தோலை வீசினால் செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்கும். நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. கூடவே வெண்வயிற்றுக் கடற்கழுகும் வரும். கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மீனும் நண்டும் தின்ன வேண்டிய பறவை நாள் தவறாமல் கோழிக் கொழுப்பைத் தின்பதும், குஞ்சுக்கும் அதையே கொண்டுபோவதும் நல்லதல்ல என்ற குரல் நியாயமானது. அதே படகை இரை வீசாமல் ஓட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பருந்து அப்போதும் வரும், எண்ணிக்கைதான் குறையும்.

‘ஸ்கை மிரர்’ படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஆகவே சுருக்கமாக. சசாரான் கரைக்கு அப்பால் கடலில் ஒரு மணல்திட்டு. பெரிய ஓத நாட்களில் மட்டும், கடல் நன்றாக வற்றும்போது சில மணி நேரம் வெளியே தெரியும். மேலே படர்ந்து நிற்கும் மெல்லிய நீர் வானத்தைக் காட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களுக்குத்தான் படகு விடுவதன் காரணம் இதுவே. காலடியில் உயிருள்ள சிப்பியும் நத்தையும் இருக்கும், பார்த்து மிதியுங்கள்.

ஆக, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஓர் அமாவாசை நாள், மழையும் விலகியிருந்தால், முற்பகல் மணல்திட்டு, பிற்பகல் ஏற்றத்தில் பறவை, இருட்டில் மின்மினி. பௌர்ணமியில் போனால் முதல் இரண்டும் கிடைக்கும், மூன்றாவது மங்கும்.

இன்னொரு திசை, தெற்கு. கொமுட்டரில் போர்ட் கிள்ளானில் இறங்கினால் கெத்தாம் தீவுக்குப் போகும் ஜெட்டி நடக்கும் தூரம். பசியாறாமல் வந்தவர்கள் கிள்ளானிலேயே இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது உத்தமம்.

ஜெட்டியில் நிற்கும்போது எதிரே தெரியும் தாழ்ந்த பச்சைக் கோடு பாக்காவ் காடு, தமிழில் கண்டல் காடு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி இந்த நாட்டில் முதலில் பார்த்த நிலக்காட்சிகளில் இதுவும் ஒன்று. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901 செப்டம்பரில் துறைமுகம் திறந்தது. கண்டல் சதுப்பை வெட்டி எழுப்பிய இடம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அடித்ததில் துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, தேங்கிய நீரை வடித்து நோயை அடக்கினார். வெப்பமண்டலத்தில் கொசு ஒழிப்பு பலன் தந்த ஆரம்பகால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக மருத்துவ நூல்கள் அதைச் சொல்கின்றன. பிறகு 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. 1972இல் துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த அந்தப் பயணத்தைச் சுற்றுலா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் வங்கக் கடலின் பறக்கும் மீனையும் நீரிணையின் ஓங்கிலையும் நன்றாகப் பார்த்தவர்கள் அந்தத் தளப் பயணிகள்தான்.

கெத்தாம் படகு முதலில் சரக்குக் கப்பல்களையும் பளு தூக்கிகளையும் கடந்து, பிறகு கண்டல் காட்டு வாய்க்காலில் நுழையும். மூடிய குளிரூட்டுப் படகில் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. வெளியே நிற்க அனுமதித்தால் நில்லுங்கள். தீவில் ஹொக்கியன், தியோச்சியூ சீன மீனவர்கள் சேற்றின் மேல் கால் ஊன்றிய வீடுகளில் வாழ்கிறார்கள். கார் இல்லை, சைக்கிளும் மின்சைக்கிளும்தான். ஏற்றத்தில் போனால் ஊர் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். வற்றலில் போனால் வீட்டுக்கடியில் தேங்கும் பிளாஸ்டிக்கும் தெரியும். ஆனால் வற்றலில்தான் சேற்றுத்தாவி மீன் துடுப்பை ஊன்றி நடப்பதையும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு அதைத் தூக்கிக் காட்டிப் பெண்ணை அழைப்பதையும் பார்க்கலாம். நான் வற்றலையே சொல்வேன், மூக்கு கொஞ்சம் ஒத்துழைத்தால்.

கெத்தாமுக்குத் தெற்கே கேரித்தீவு. செம்பனைத் தோட்டங்களால் நிறைந்த இந்தத் தீவில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வெகுமுன்பே மா மெரி ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். சுங்கை பும்புன் கம்போங்கில் அவர்கள் செதுக்கும் முகமூடிகள் உலகறிந்தவை. அதற்கான மரம் கண்டல் காட்டில் வளரும் நீரே பத்து. ஒவ்வொரு முகமூடிக்கும் பின்னால் ஒரு மூதாதை ஆவியின் கதை உண்டு; விலை பேசுவதற்கு முன் அந்தக் கதையைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ‘பூஜா பந்தாய்’ என்று கடல் ஆவிகளுக்குச் சடங்கு செய்கிறார்கள். கடல் வற்றிய சேற்றுப் பரப்பில் எழுப்பிய சிறு மேடையில் படையல் வைத்து, முகமூடி அணிந்து ஆடி, தண்ணீர் திரும்பி வருவதற்குள் முடித்துக்கொள்வார்கள். வெளியாட்கள் பார்க்கலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் மரியாதை. கேரித்தீவில் புதிய துறைமுகம் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்தச் சேற்றுப் பரப்பு அதற்குப் பிறகும் இருக்குமா என்பது கிராமத்தாரின் கவலை.

அரச கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசியிலும் கிடைக்கும், போர்ட் கிள்ளான் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். படகுக்காரருக்கு அந்த அட்டவணை மனப்பாடம். ஆகவே பதிவு செய்யும்போது ‘எத்தனை மணிக்குப் படகு’ என்று கேட்பதற்கு முன், ‘அன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறுகிறது’ என்று கேளுங்கள். காலணி சேற்றுக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெள்ளை உடை வேண்டாம்.